ஒரு நூலுக்கு ஒரே வீடு போதாது: தமிழ் மின்னூல் காப்பகங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நூல்களையும் இதழ்களையும் சுவடிகளையும் மின்னுருவாக்கிக் காத்துவரும் தமிழ் இணையக் கல்விக்கழகம், பொது நூலக இயக்ககம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், இலங்கையின் நூலக நிறுவனம் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கும், தமிழ்ச் சேகரிப்புகளைக் கொண்டுள்ள பல்கலைக்கழகங்களின் நூலகர்களுக்கும்,

வணக்கம்.

பொடிந்துபோகும் தாள்களைக் கையால் புரட்டிப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, எங்களைப் போன்ற வாசகர்கள் வீட்டிலிருந்தே படிக்கும்படி நீங்கள் செய்திருக்கும் பணிக்கு முதலில் நன்றி கூறுகிறேன். அந்தப் பணி எப்படி நடக்க வேண்டும் என்று சொல்ல நான் தகுதியுடையவன் அல்லன். ஸ்கேன் செய்து முடித்த பக்கங்கள் எங்கே இருக்கின்றன, எத்தனை இடங்களில் இருக்கின்றன, ஓர் இடம் இல்லாமற்போனால் மற்றோர் இடம் தானாகவே அந்தப் பொறுப்பை ஏற்குமா என்பவை பற்றி மட்டுமே இம்மடல் பேசுகிறது. தரவு மையத்தில் இருப்பதை நூலின் இருப்பிடமாகக் கருதாமல் அதன் படிகளுள் ஒன்றாக மட்டும் கருதுங்கள் என்பதும், மற்றப் படிகளை நூலகங்களே பியர்-டு-பியர் (மையச் சர்வர் இன்றிக் கணினிகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பகிர்ந்துகொள்ளும் முறை) மென்பொருள்வழி தங்களுக்குள் பகிர்ந்து வைத்து, ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளட்டும் என்பதும் என் வேண்டுகோள்.

2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில், லித்தியம் மின்கலங்களை இடம் மாற்றும் பணியின்போது தீப்பிடித்தது. அரசின் 709 கணினி அமைப்புகள் நின்றன. அவற்றுள் பெரும்பாலானவை நாளடைவில் மீண்டன. ஆனால் அரசு ஊழியர்கள் தம் பணிக் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம் 858 டெராபைட் தரவோடு எரிந்துபோனது. அதற்கு வெளியில் காப்புநகல் இல்லை. அளவு மிகப் பெரிது, ஆகவே வெளியிடத்தில் நகல் வைக்க இயலவில்லை என்பதே அங்கே சொல்லப்பட்ட விளக்கம். உலகின் மிகச் சிறந்த இணைய இணைப்புகளைக் கொண்ட நாடுகளுள் ஒன்றில், அரசே நடத்திய மையத்தில் நடந்தது இது. அந்த விளக்கத்தை நாமும் ஒருநாள் சொல்ல நேரலாம் என்பதால்தான் இதை முதலில் குறிப்பிடுகிறேன்.

தீ மட்டுமே ஆபத்து என்று எண்ணிவிடவும் கூடாது. 2023 அக்டோபர் இறுதியில் லண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தின் கணினிகளைப் பணயத்தொகை கேட்கும் கும்பலொன்று முடக்கியது. நூற்பட்டியலே 2024 சனவரியில்தான், தேடிப் பார்க்க மட்டும் இயலும் வடிவில் திரும்பியது. மின்னுருவாக்கிய கைப்பிரதிகளை அதற்குப் பிறகும் நெடுநாள் பார்க்க முடியவில்லை. அந்த நூலகம் பின்னர் வெளிப்படையாக வெளியிட்ட அறிக்கையில் ஒரு செய்தி உள்ளது. மின்னுருச் சேகரிப்புகளின் பாதுகாப்பான படிகள் அவர்களிடம் இருந்தன; அவற்றை மீண்டும் ஏற்றி இயக்குவதற்கான கட்டமைப்புத்தான் இல்லாமற்போயிற்று. படி இருந்தும் படிக்க வழியில்லை. காப்புநகலை ஒரு பெட்டியில் பூட்டி வைப்பதற்கும், இயங்கிக்கொண்டிருக்கும் பல படிகளை வைத்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

நமக்கு நெருக்கமான இன்னொரு நிகழ்வும் உண்டு. இந்திய அறிவியல் கழகம் உள்ளிட்ட நிறுவனங்கள் உருவாக்கிய இந்திய மின்னூலகத்தில் பல்லாயிரம் தமிழ் நூல்கள் இருந்தன. அத்தளம் சில ஆண்டுகளுக்கு முன் பொதுப் பயன்பாட்டிலிருந்து மறைந்தது. இன்று அந்நூல்களை நாம் படிக்கிறோம் என்றால், கார்ல் மாலமுத் என்ற அமெரிக்கர் அவற்றைப் படியெடுத்து, நூல்களையும் தளங்களையும் இணையத்தில் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றி வைத்ததுதான் காரணம். வேறொருவர் தம் விருப்பத்தால் எடுத்த படி நம் நூல்களைக் காத்தது. அந்த ஆர்க்கைவும் 2024 அக்டோபரில் தாக்குதலுக்கு உள்ளாகிப் பல நாட்கள் முடங்கிக் கிடந்தது. ஆக, நம் நூல்களுக்கு இப்போது கிடைத்திருப்பதும் மற்றுமொரு மையம்தான்.

ஏட்டுச் சுவடிகளின் காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. உ. வே. சாமிநாதையர் 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்ததற்கு அவருடைய உழைப்பும் புலமையும் எவ்வளவு காரணமோ, அந்நூலின் படிகள் ஊர்கள் தோறும் மடங்களிலும் வீடுகளிலும் சிதறிக் கிடந்தமையும் அவ்வளவு காரணம். ஒரு படியில் செல்லரித்த வரி மற்றொரு படியில் இருந்தது, பிழையை ஒப்பிட்டுத் திருத்தவும் வழி இருந்தது. வளையாபதிக்கும் குண்டலகேசிக்கும் அந்தப் பேறு வாய்க்கவில்லை. பிற நூல்களில் எடுத்தாளப்பட்ட பாடல்களாகவே அவை எஞ்சியுள்ளன. 1981 சூன் முதல் நாள் விடியுமுன் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன என்பர். அச்சு நூல்களில் பலவற்றுக்கு வேறெங்கோ படி இருந்திருக்கும். ஒரே படியாக இருந்த சுவடிகளுக்கு மீட்பே இல்லை. 2005 இல் தொடங்கிய நூலக நிறுவனத்தாரிடம் இதை விளக்க வேண்டிய தேவை எனக்கில்லை. தமிழ்நாட்டு நிறுவனங்களுக்காகவே எழுதுகிறேன்.

பியர்-டு-பியர் என்பதன் உள்ளமைப்பைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் நான் கேட்பதன் நியாயம் அந்த அமைப்பில்தான் இருக்கிறது. வழக்கமான இணையத்தில் ஒரு நூலைக் கேட்கும்போது நாம் குறிப்பிடுவது அது இருக்கும் இடத்தை: இன்ன தளம், இன்ன கோப்புறை, இன்ன கோப்பு. தளத்தின் முகவரி மாறினால் நூல் அப்படியே இருந்தாலும் நமக்கு இல்லாததாகிவிடுகிறது. நான் பயன்படுத்திவந்த காப்பகம் ஒன்று தன் தளத்தைப் புதுப்பித்தபோது, என் குறிப்பேடுகளில் இருந்த இணைப்புகள் அனைத்தும் ஒரே நாளில் வெறும் எழுத்துகளாயின. பிராம் கோஹன் 2001 இல் வெளியிட்ட பிட்டொரண்டும் அதன்பின் வந்த ஐபிஎஃப்எஸ் போன்ற கோப்புப் பகிர்வு முறைகளும் இந்த வழியில் செல்வதில்லை. கோப்பு சிறு துண்டுகளாக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டின் உள்ளடக்கத்திலிருந்தும் ஹாஷ் எனப்படும் கணித முத்திரை ஒன்று கணக்கிடப்படுகிறது. அத்துண்டுகளின் முத்திரைகளிலிருந்து முழுக் கோப்புக்கும் ஒரு முத்திரை கிடைக்கிறது. வாசகரின் கணினி அந்த முத்திரையைச் சொல்லி, "இது யாரிடம் இருக்கிறது?" என்று வலையமைப்பைக் கேட்கிறது. தஞ்சாவூரிலிருந்து ஒரு துண்டும் சிங்கப்பூரிலிருந்து ஒரு துண்டும் வரலாம். யாரிடமிருந்து வந்தாலும் முத்திரையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே ஏற்கப்படும். எனவே, கொடுப்பவர் யார் என்பதை நம்ப வேண்டிய தேவையே எழுவதில்லை. ஓர் எழுத்து மாறியிருந்தாலும், ஹார்ட் டிஸ்கில் ஒரு பிட் பழுதாகியிருந்தாலும், அத்துண்டு தள்ளப்பட்டு வேறோர் இடத்திலிருந்து சரியான துண்டு பெறப்படுகிறது. யாரிடம் எது உள்ளது என்ற பட்டியலைக்கூட ஒரு மையத்தில் வைக்க வேண்டியதில்லை. 2002 இல் முன்வைக்கப்பட்ட கடெம்லியா என்ற நெறிமுறை அப்பட்டியலையே பங்கேற்கும் கணினிகளிடையே பகிர்ந்தளிக்கிறது.

இவ்வளவு நல்ல முறை என்றால் ஏன் பலர் இதைக் கைவிட்டார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஸ்கைப் 2003 இல் இம்முறையில்தான் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட் வாங்கிய பிறகு படிப்படியாகத் தன் சொந்த சர்வர்களுக்கு மாறியது. இணையவழிப் பாடல் சேவையான ஸ்பாட்டிஃபை 2014 இல் விலகியது. கைப்பேசிகள் பெருகியதும், மின்கலமும் டேட்டாவும் செலவாகும் சாதனங்களைப் பிறருக்காக உழைக்கச் செய்வது கடினமாயிற்று; சர்வர்களின் விலையும் குறைந்தது. பாடலை நொடியில் ஒலிக்கச் செய்ய வேண்டிய நிறுவனத்துக்கு அது சரியான முடிவாகவே இருந்திருக்கும். காப்பகத்தின் தேவை அதுவன்று. நூறாண்டுப் பழமையான இதழொன்று நொடியில் திறக்காமல் அரை நிமிடம் எடுத்துக்கொண்டால் எவருக்கும் இழப்பில்லை. ஐம்பதாண்டு கழித்தும் திறக்கிறதா என்பதே கேள்வி.

உண்மையான குறைபாடு வேறிடத்தில் இருக்கிறது, அதை மறைத்துவிட்டு இம்முறையைப் பரிந்துரைக்க நான் விரும்பவில்லை. பிட்டொரண்ட் வழி எவரும் பகிரும் டொரண்ட் உலகில் பலர் விரும்புவது நிலைக்கும். எவரும் தேடாதது, அதை வைத்திருந்த கடைசிக் கணினி அணைக்கப்படும் நாளில் மறைந்துவிடும். தமிழ் நூல்களில் காக்கப்பட வேண்டியவை பெரும்பாலும் எவரும் தேடாதவைதாம்: மாவட்டச் சிற்றிதழ், சாதிச் சங்க மலர், பள்ளி ஆண்டறிக்கை, நாடகக் குழுவின் நோட்டீசு. இவற்றை ஆர்வலர்களின் மடிக்கணினிகளை நம்பி விடுவது, அணையும் வரை எரியட்டும் என்று விடுவதற்கு ஒப்பாகும். ஆகவே நான் கேட்பது திறந்தவெளி டொரண்ட் அன்று. கடமை ஏற்றுக்கொண்ட நிறுவனங்கள் தங்களுக்குள் அமைத்துக்கொள்ளும் வலையமைப்பையே கேட்கிறேன்.

இதற்கு முன்மாதிரி உண்டு, அதுவும் நூலகத் துறையிலேயே பிறந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகத்தார் 1999 வாக்கில் தொடங்கிய லாக்ஸ் என்ற திட்டத்தில், பங்கேற்கும் ஒவ்வொரு நூலகமும் ஓர் எளிய கணினியில் தன் படியை வைத்திருக்கும். அக்கணினிகள் அவ்வப்போது ஒன்றையொன்று கேட்டு, "இந்த இதழ் உன்னிடம் எப்படி இருக்கிறது?" என்று வாக்கெடுப்பு நடத்துகின்றன. பெரும்பான்மையோடு ஒத்துப்போகாத படி பழுதானதாகக் கொள்ளப்பட்டு, மற்றவற்றிலிருந்து தானே திருத்திக்கொள்கிறது. தலைமைக் கணினி என்று ஒன்று இல்லை. அதிலிருந்து கிளைத்த கிளாக்ஸ் என்னும் அமைப்பு, உலகின் வெவ்வேறு பகுதிகளிலுள்ள 12 நிறுவனங்களில் ஆய்விதழ்களின் படிகளைக் காத்துவருகிறது. மாறிவரும் கணினி உலகில் லாக்ஸ் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகவும் கிளாக்ஸ் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகவும் நிலைத்திருக்கின்றன என்பதை நான் சிறிய சான்றாக எண்ணவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. பியர்-டு-பியர் என்றவுடன், கோப்புறைகளை ஒத்திசைக்கும் மென்பொருளைப் பத்துக் கணினிகளில் நிறுவினால் போதும் என்று உங்கள் தொழில்நுட்பப் பிரிவினர் சொல்லக்கூடும். சிங்திங் போன்றவை நல்ல மென்பொருள்கள், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஒத்திசைவு வேறு, காப்பு வேறு. ஓரிடத்தில் ஒருவர் தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால், ஒத்திசைவு அந்த அழிப்பையும் உண்மையாகக் கொண்டு மற்ற ஒன்பது இடங்களிலும் செய்து முடிக்கும். தீநிரல் ஒன்று கோப்புகளைப் பூட்டினால் பூட்டிய வடிவமே எங்கும் பரவும். காப்பு வலையமைப்பில் ஒருமுறை ஏற்றியது மாறக்கூடாது. திருத்திய ஸ்கேன் வந்தால் அது புதிய முத்திரையோடு புதிய படியாகச் சேர வேண்டும். பழையது அதன் இடத்திலேயே இருக்க வேண்டும்.

செலவு பற்றிய அச்சம் இயல்பானது; கணக்கைப் பார்த்துவிடுவோம். வாசகர் பதிவிறக்கும் பிடிஎஃப் வடிவில் ஒரு நூல் சராசரியாக 50 மெகாபைட் என்று தாராளமாகவே கொண்டாலும், ஒரு லட்சம் நூல்களுக்கு 5 டெராபைட் ஆகிறது. அது இன்று கடைகளில் கிடைக்கும் ஒற்றை ஹார்ட் டிஸ்கில் அடங்கிவிடும். ஆகவே வாசிப்புப் படிகளை ஒவ்வொரு மாவட்ட மைய நூலகமும் முழுமையாகவே வைத்துக்கொள்ளலாம். இணைய இணைப்பு அறுந்த நாளிலும் அந்நூலகத்துக்கு வரும் மாணவர் அந்த ஒரு லட்சம் நூல்களையும் உள்ளூர் வலையமைப்பிலேயே படிக்கலாம். மூலப் படங்களின் நிலை வேறு. ஏ5 அளவுப் பக்கத்தை அங்குலத்துக்கு 400 புள்ளிகள் என்ற கணக்கில் வண்ணத்தில், சுருக்காமல் சேமித்தால் பக்கத்துக்குச் சுமார் 23 மெகாபைட். 200 பக்க நூலுக்கு 4.6 ஜிகாபைட், லட்சம் நூல்களுக்கு 460 டெராபைட். இதை எல்லா நூலகங்களும் தாங்கா. அதற்கும் வழியுண்டு: தரவைப் பத்துப் பங்காக்கி, கணித முறையில் மேலும் ஆறு ஈட்டுப் பங்குகளை உருவாக்கிப் பதினாறு நிறுவனங்களிடம் கொடுத்தால், அவற்றுள் எந்த ஆறு அழிந்தாலும் மீதிப் பத்திலிருந்து முழுவதையும் மீட்கலாம். ஒரு நிறுவனத்தின் பங்கு 46 டெராபைட், அதாவது நான்கைந்து பெரிய டிஸ்குகள். தேஜானில் சொல்லப்பட்ட "அளவு பெரிது" என்ற காரணம் இப்படிப் பகிர்ந்துகொண்டால் நிற்காது.

அந்தப் பதினாறு நிறுவனங்களுக்குத் தமிழுலகில் பஞ்சமில்லை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம், மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகம், அண்ணா நூற்றாண்டு நூலகம், கன்னிமாரா, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்று எண்ணத் தொடங்கலாம். 2015 இல் தமிழ் மின்மரபுத் தொகுப்பை உருவாக்குவதில் பங்குகொண்ட சிங்கப்பூர் நூலகத் துறையும், ரோஜா முத்தையா நூலகத்தின் தொடக்கத்திலிருந்தே அதனோடு இணைந்து பணியாற்றிய சிகாகோ பல்கலைக்கழகமும் அழைத்தால் வரக்கூடியவை என்றே நம்புகிறேன். ஒரே மாநிலத்தில், ஒரே அரசின் கீழ் எல்லாப் படிகளும் இருக்கக்கூடாது என்பதற்கு 1981 ஒரு காரணம். 2015 திசம்பரில் சென்னையை மூழ்கடித்த வெள்ளம் இன்னொன்று.

டொரண்ட் என்ற சொல்லைக் கேட்டாலே நம் அலுவலகங்களில் எழும் தயக்கத்தையும் அறிவேன். இங்கே அச்சொல் திருட்டுத் திரைப்படங்களோடு ஒட்டிக்கொண்டது. 2012 இல் படத் தயாரிப்பாளர்களுக்காகச் சென்னை உயர்நீதிமன்றத்தில் பெறப்பட்ட ஆணையைக் காட்டி, இணைய நிறுவனங்கள் திருட்டுத் தளங்களோடு விமியோ போன்ற நேர்மையான காணொளித் தளங்களையும் மொத்தமாக முடக்கின. குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே முடக்க வேண்டும் என்று நீதிமன்றமே பின்னர் தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று. ஆனால் உங்களிடம் இருக்கும் நூல்களைப் பற்றிய சட்டநிலை தெளிவானது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்த நூல்கள் பொதுவுடைமை. அதற்கு மேலாக, 1949 இல் பாரதியார் படைப்புகளின் உரிமையை அரசு வாங்கியதில் தொடங்கி, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் தமிழ்நாட்டில் நாட்டுடைமை ஆகியுள்ளன. இவற்றை எவரும் தடையின்றிப் பரப்பலாம். எஞ்சியவற்றுக்கும், அச்சுப் படியைத் தன்னிடம் கொண்டுள்ள வணிக நோக்கமற்ற பொது நூலகம் காப்புக்காக மின்வடிவில் சேமிப்பதற்கு 2012 ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கிறது. உரிமை உள்ள நூல்களைப் பொதுவில் திறக்காமல், அச்சுப் படி உள்ள நிறுவனங்களுக்குள் மட்டும் பூட்டிய படிகளாக வைக்கலாம். வழக்கோ குடும்பத்தாரின் கோரிக்கையோ காரணமாக ஒரு நூலை விலக்க நேர்ந்தால், விலக்கல் பட்டியலொன்றில் உரிய நிறுவனம் மின்கையொப்பமிட்டு வெளியிட, மற்றக் கணுக்கள் (வலையமைப்பில் இணைந்த கணினிகள்) அதை ஏற்று நடக்கும் விதியை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். கட்டற்ற டொரண்டில் இது இயலாது. கடமைப்பட்ட வலையமைப்பில் இயலும்.

நடைமுறையில் தடைகள் இருக்கின்றன. பல கிளை நூலகங்களின் இணைய இணைப்புக்குப் பொது முகவரி கிடைப்பதில்லை. வெளியிலிருந்து அவற்றை நேராக அணுக முடியாது. ஒவ்வொரு கணினிக்கும் பொது முகவரி தரக்கூடிய புதிய இணைய முகவரி முறையான ஐபிவி6 இந்தியாவில் பரவலாகிவிட்டதால் இச்சிக்கல் குறைந்துவருகிறது. அது போதாத இடங்களில், கல்வி, ஆய்வு நிறுவனங்களை இணைக்கும் தேசிய அறிவு வலையமைப்பில் இணைந்துள்ள பல்கலைக்கழகங்கள் இடைநிலைக் கணுக்களாக நிற்கலாம். மின்வெட்டில் ஒரு கணினி அணைந்தால் வலையமைப்புக்கு ஒன்றும் ஆகாது. அதற்காகவே அது பலவாக இருக்கிறது. ஆனால் யார் டிஸ்கை மாற்றுவது, யார் மென்பொருளைப் புதுப்பிப்பது என்பதற்கு ஒவ்வொரு நிறுவனத்திலும் பெயர் குறித்து ஒருவர் இல்லையென்றால், மூன்றாம் ஆண்டில் பாதிக் கணினிகள் தூசியோடு மூலையில் கிடக்கும். கருவி வாங்குவதற்கு நிதி கிடைப்பதும் பராமரிக்கக் கிடைக்காமற்போவதும் நீங்கள் அறியாதவை அல்ல.

தரவு மையங்களைப் பகைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீட்டில் அவை 2024 இல் உலக மின்நுகர்வில் ஏறத்தாழ 1.5 விழுக்காட்டை, சுமார் 415 டெராவாட் மணியை, எடுத்துக்கொண்டன. அதற்காக நூறு நூலகக் கணினிகள் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று வாதிடுவது நேர்மையாகாது. ஒரு டெராபைட்டுக்கு எவ்வளவு மின்சாரம் என்று பார்த்தால் பெரிய மையமே சிக்கனமாக இருக்கக்கூடும். தேடுதல், எழுத்துணர்தல், நூற்பட்டியல் ஆகியவற்றுக்கு மையச் சர்வர் தொடர்ந்து தேவைப்படும். அவை நாளை நின்றாலும் நூல்கள் நிற்காமல் இருக்க வேண்டும். என் கோரிக்கை அதோடு முடிகிறது.

முதற்படியாக ஒன்றைக் கேட்கிறேன். இதற்கு டெண்டரும் புதிய கட்டடமும் தேவையில்லை. நீங்கள் இதுவரை வெளியிட்டுள்ள ஒவ்வொரு மின்னூலுக்கும் எஸ்எச்ஏ-256 என்ற ஹாஷ் முறையில் முத்திரையைக் கணக்கிட்டு, நூற்பெயர், ஆசிரியர், பதிப்பாண்டு ஆகியவற்றோடு ஒரே பட்டியலாக, நிறுவனத்தின் மின்கையொப்பமிட்டு எவரும் பதிவிறக்கும்படி வெளியிடுங்கள். சாதாரணக் கணினியொன்று சில நாட்களில் முடிக்கும் வேலை அது. அப்பட்டியல் இருந்தால், ஏற்கெனவே உங்கள் நூல்களைப் பதிவிறக்கி வைத்திருக்கும் ஆயிரக்கணக்கானோரின் கோப்புகள் மூலத்தோடு ஒத்தவையா என்பதை எந்நாளும் சரிபார்க்கலாம். தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாக வெளியிட 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்களைப் போன்று உலகெங்கும் இருப்போர், இன்னும் பெயர் சூட்டப்படாத இந்த வலையமைப்பின் கணுக்களாகத் தம்மை அறியாமலே ஏற்கெனவே இருக்கிறார்கள். நாட்டுடைமை நூல்களின் பட்டியலிலிருந்து தொடங்கினால் சட்ட ஆலோசனைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்து, உங்களுள் மூன்று நிறுவனங்கள் மட்டும், அவற்றுள் ஒன்றேனும் கடல் கடந்ததாக, அந்த நூல்களை ஓராண்டு தமக்குள் பகிர்ந்து காத்துப் பாருங்கள். எத்தனை பழுதுகள் கண்டறியப்பட்டன, எத்தனை தாமாகத் திருந்தின, யாருடைய கணினி எத்தனை நாள் அணைந்து கிடந்தது என்ற விவரங்களை ஆண்டிறுதியில் மறைக்காமல் வெளியிடுங்கள். அமைப்பு வேலைக்கும் நிரல் எழுதுவதற்கும் ஊதியமின்றி வர என்னைப் போன்றோர் அணியமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
நூலக மென்பொருள் பணியிலுள்ள ஒரு வாசகர்